ஐஸில் நிற்கப் பயப்படும் பிள்ளை: முதலில் ஸ்கேற்றைப் பாருங்கள்

கேள்வி: மகளுக்கு 6 வயது. ஸ்காபரோவில் ஐஸ் ஹொக்கிக்கான தொடக்க ஸ்கேற்றிங் வகுப்பில் சேர்த்து மூன்று கிழமை ஆகிறது. மற்றப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் ஓரப் பலகையை விடுகிறாளில்லை. கணுக்கால் இரண்டும் உள்ளே மடிகின்றன, விழுந்தால் எழும்பத் தெரியவில்லை, கால் குளிர்கிறது என்று அழுகிறாள். எங்கள் இருவருக்கும் ஸ்கேற்றிங் தெரியாது. நிறுத்திவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாம். கணுக்கால் மடிவதும் கால் குளிர்வதும் பெரும்பாலும் பிள்ளையால் வருவதல்ல, காலில் போட்டிருக்கும் ஸ்கேற்றால் வருவது. எழும்பத் தெரியாததை வீட்டுக் கம்பளத்திலேயே பழக்கலாம். இந்த மூன்றையும் சரிசெய்ய உங்களுக்கு ஸ்கேற்றிங் தெரிந்திருக்கத் தேவையில்லை. பலகையை விடாத பயம், இந்த மூன்றும் தீர்ந்தால் தானாகவே பாதி குறைந்துவிடும்.

முதலில் அளவு. வளர்கிற பிள்ளைதானே என்று ஒன்றிரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. ஸ்கேற்றுக்குச் சரிவராது. ஹொக்கி ஸ்கேற்றை சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு சிறிதாகவே வாங்க வேண்டும். மகளின் சப்பாத்து 13 என்றால் ஸ்கேற் 12 அல்லது 11½ அளவில் இருக்கும். அதற்குமேல் வளர்ச்சிக்கென்று அரை அளவு விடலாம், அவ்வளவுதான். பெரிய ஸ்கேற்றுக்குள் குதிக்கால் மேலும் கீழும் அசையும். கால் ஒரு பக்கம் போக, அடியிலுள்ள எஃகு அலகு வேறு பக்கம் போகும். கணுக்கால் உள்ளே மடிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

வீட்டில் சோதிப்பது எளிது. லேஸை முழுவதும் தளர்த்தி, மெல்லிய காலுறை ஒன்றோடு காலை உள்ளே விட்டு, பெருவிரல் முன்சுவரில் முட்டும்வரை முன்னே தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் விரல் ஒன்று மட்டும் நுழைந்தால் சரி. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் ஸ்கேற் பெரிது. பிறகு குதிக்காலால் தரையில் இரண்டு முறை தட்டி, காலைப் பின்னால் தள்ளி, லேஸைக் கட்டி நிற்க வையுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் அது சற்றுப் பின்வாங்க வேண்டும். ஸ்கேற்றின் ஆழத்தையும் பாருங்கள். லேஸ் கட்டுமுன் மேலிருந்து மூன்றாவது துளைகளுக்குக் குறுக்காக ஒரு பென்சிலை வையுங்கள். அது நாக்கில் முட்டி, இரு பக்கமும் படியாமல் நின்றால், அவளுடைய பாதத்தின் மேல்பகுதிக்கு அந்த ஸ்கேற் ஆழம் போதாது. அப்படியான ஸ்கேற்றில் லேஸ் பாதத்தை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கால் குளிர்வதற்கும் விறைப்பதற்கும் அதுவும் ஒரு காரணம்.

குளிருக்குத் தடித்த காலுறையோ இரண்டு சோடி காலுறையோ போட்டு விடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். தடித்த காலுறை காலை நெருக்கும், வியர்க்க வைக்கும். வியர்த்த கால் இன்னும் அதிகமாகக் குளிரும். அலகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் பாதத்துக்குத் தெரியாமல் போகும். மெல்லிய காலுறை ஒரு சோடி போதும், காய்ந்ததாக இருக்க வேண்டும்.

லேஸ் கட்டுவதில் கவனம் வையுங்கள். பிள்ளை கதிரையில் இருக்கட்டும், குதிக்கால் தரையில், பாதத்தின் நுனி மேல்நோக்கி. விரல்களுக்கு மேலேயுள்ள இரண்டு மூன்று துளைகளில் லேஸ் இறுகத் தொட்டால் போதும், நசுக்கக் கூடாது. பாதம் காலோடு வளையும் இடத்தில், அதாவது நடுப்பகுதியில்தான் உங்கள் பலம் முழுவதும் வேண்டும். கட்டி முடித்தபின் அந்த இடத்தில் லேஸுக்கு அடியில் விரலை நுழைக்கச் சிரமமாக இருக்க வேண்டும். மேலே கணுக்காலைச் சுற்றியுள்ள துளைகளில் கொஞ்சம் இளக்கம் விடுங்கள், முழங்கால் முன்னே மடிய அந்த இடம் வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நடுவில் தளர்வாக விட்டு, மேலே பலம் கொண்டமட்டும் இழுத்து, மிஞ்சிய லேஸைக் கணுக்காலைச் சுற்றியும் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் காலுக்குப் பிடிமானம் கிடைக்காது, முழங்காலும் மடியாது. மிஞ்சிய லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு உள்ளே செருகுங்கள். கட்டியபின் பிள்ளையால் முழங்காலை முன்னே தள்ளவே முடியவில்லை என்றால் கடைசித் துளையை விட்டுவிடலாம். மெழுகு பூசிய லேஸ் வாங்கினால் நீங்கள் மேலே கட்டும்போது கீழே தளராது. கொக்கி வைத்த லேஸ் இழுப்பான் ஒன்றும் பையில் இருக்கட்டும், விலை குறைவு.

அடுத்தது அலகு தீட்டப்பட்டிருக்கிறதா என்பது. புதிய ஸ்கேற்றுகள் பெட்டியிலிருந்து வரும்போது பொதுவாகத் தீட்டப்பட்டிருக்காது. பலருக்கு இது தெரிவதில்லை. தீட்டாத ஸ்கேற்றில் நிற்பது எண்ணெய் பூசிய தரையில் நிற்பது மாதிரி. எந்தப் பிள்ளைக்கும் அதில் பலகையை விட மனம் வராது. அலகின் அடிப்பக்கம் தட்டை அல்ல, நீளவாட்டில் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் இரு கரைகள்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். நிற்பது, தள்ளுவது, நிறுத்துவது எல்லாம் அவற்றின் வேலை. பள்ளத்தின் வளைவை அங்குலத்தில் சொல்வார்கள். எண் சிறிதானால் பள்ளம் ஆழம், ஐஸை அதிகம் கடிக்கும். எண் பெரிதானால் வழுக்கு அதிகம். தொடக்கப் பிள்ளைக்கு 1/2 அங்குலம் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் வழக்கமும் அதுதான். எடை குறைந்த பிள்ளைக்கு 3/8 போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறல்ல, ஆனால் அலகைப் பக்கவாட்டில் தேய்த்து நிறுத்தப் பழகும் காலத்தில் அதிகம் கடிக்கும் விளிம்பு இடைஞ்சல். நிறுத்தம் வரும்வரை 1/2 நல்லது.

தீட்டி வாங்கியதும் ஸ்கேற்றைத் தலைகீழாகப் பிடித்து, அலகின் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துப் பாருங்கள். நாணயம் அலகுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் ஒரு விளிம்பு உயரம், மற்றது தாழ்வு. அந்தக் கால் எப்போதும் ஒரு பக்கமே இழுபடும். நாமோ பிள்ளைக்கு நேரே போகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். கிழமைக்கு ஒரு வகுப்பு, ஒரு பொது ஸ்கேற்றிங் என்று போகிற பிள்ளைக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். ஆனால் ஸ்கேற்றோடு வெறும் சீமெந்துத் தரையில் நாலு அடி நடந்துவிட்டால் அந்தக் கணக்குச் செல்லாது, உடனே தீட்ட வேண்டும். அரீனாவில் கறுப்பு ரப்பர் விரித்த இடத்தில் மட்டும் நடக்க விடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் கணுக்கால் மடிகிறதா? ஐஸுக்கு இறங்குமுன் ரப்பர் தரையில் நிற்க வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். அங்கேயும் மடிந்தால் ஸ்கேற்தான் காரணம். பழைய ஸ்கேற் என்றால் கணுக்கால் பகுதியை இரு பக்கமும் கையால் அமுக்கிப் பாருங்கள். துணிப்பை மாதிரி அமுங்கினால் அது தேய்ந்துபோன ஸ்கேற், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ரப்பரில் நேராக நின்று ஐஸில் மட்டும் மடிந்தால் பிள்ளை முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று பொருள். நல்ல ஸ்கேற் போட்டும் பாதத்தின் உட்பக்கம் நோகிறது, கழற்றி நெடுநேரமாகியும் சிவந்த தடம் மறையவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

முழங்கால் மடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹொக்கி ஸ்கேற்றின் அலகு முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும், வள்ளத்தின் அடிப்பாகம் மாதிரி. ஐஸில் படுவது நடுவிலுள்ள சிறு நீளம் மட்டுமே. முழங்கால் நேராக இருந்தால் உடல் எடை குதிக்காலுக்குப் போய், வள்ளம் பின்பக்கம் கவிழ்வதைப்போல் பிள்ளை மல்லாந்து விழும். பின்மண்டை அடிபடும் விழுகை இதுதான். முழங்காலை மடக்கினால் எடை பாதத்தின் நடுவுக்கு வரும், உடலும் ஐஸுக்குக் கிட்ட வரும், விழுந்தாலும் விழும் தூரம் குறையும்.

சரியான நிலை இப்படி இருக்கும்: பாதங்கள் தோள் அகலம், முழங்கால் மடிந்து விரல் நுனிக்கு மேலே, முதுகு சற்று முன்சரிவு, தலை நிமிர்ந்து. பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கு, முழங்கால், கால்விரல் மூன்றும் ஒரே தூக்குக் கோட்டில் வரும். பிள்ளைக்குச் சொல்ல எளிய வழி, கீழே பார்த்தால் உன் ஸ்கேற்றின் நுனி முழங்காலுக்குப் பின்னால் மறைய வேண்டும் என்பது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். 'மடங்கு' என்றதும் பிள்ளைகள் முழங்காலை விட்டுவிட்டு இடுப்பை மடக்கிக் கூனுவார்கள். தலை முன்னே போகும், கண் ஐஸைப் பார்க்கும், அடுத்த நொடி குப்புற விழுவார்கள். 'பாதி குந்து, எதிரிலிருக்கும் கண்ணாடிச் சுவரைப் பார்' என்று சொல்லுங்கள். குந்தியிருந்து பழகிய பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

நாளாந்தம் மாலையில் ஐந்து நிமிடம் வீட்டில் இதைச் செய்யலாம். அரைக் குந்தலில் 20 எண்ணும்வரை நிற்பது, அப்படியே பக்கவாட்டில் பத்து அடி நடப்பது, பிறகு ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கி 10 எண்ணுவது. பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகினாலும் நல்லது. இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் ஐஸில் வழுக்குவது என்பதே ஒற்றைக் காலிலிருந்து மறு ஒற்றைக் காலுக்கு மாறிக்கொண்டே இருப்பதுதான்.

விழுவதையும் எழும்புவதையும் கம்பளத்தில் பழக்குங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் முதலில் குந்த வேண்டும், பிறகு ஒரு பக்கமாகத் தொடையும் இடுப்பும் தரையில் படச் சாய வேண்டும், கைகள் பொத்தியபடி முன்னால். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு முறிவது அப்படித்தான். முழுக் கவசம் போட்ட பிள்ளை முழங்காலில் விழுந்தால் போதும், அங்கே கவசம் இருக்கிறது. விழுந்ததும் விரல்களை ஐஸில் விரித்து வைத்திருக்க விடாதீர்கள். கை பொத்தியே இருக்கட்டும், பக்கத்தில் மற்றப் பிள்ளைகளின் அலகுகள் போகின்றன.

எழும்புவதில் உங்கள் மகள் செய்கிற தவறை என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் அதையே செய்வார்கள். இரண்டு கையையும் ஐஸில் ஊன்றி, கன்றுக்குட்டி எழும்புவதுபோல் பின்பக்கத்தை முதலில் தூக்கப் பார்ப்பார்கள். தூக்கத் தூக்க இரண்டு ஸ்கேற்றும் பின்னால் வழுக்கிப் போகும். சரியான வழி: உருண்டு நாலு காலில் வர வேண்டும். உடலை நிமிர்த்தி முழங்காலில் நிற்க வேண்டும். ஒரு காலை முன்னே கொண்டுவந்து அலகை இடுப்புக்கு நேர் கீழே ஊன்ற வேண்டும். இரண்டு கையையும் அந்த முழங்காலில் வைத்து அமுக்கி எழும்ப வேண்டும். இப்படி எழும்பும்போது கை ஐஸில் படவே கூடாது. காலுறையோடு வழுவழுப்பான தரையில் பத்து முறை செய்ய முடிந்தால், பிறகு அலகு உறை போட்ட ஸ்கேற்றோடு ஐந்து முறை. அடுத்த வகுப்பில் வித்தியாசம் தெரியும். தானாக எழும்பத் தெரிந்த பிள்ளை பலகையை விடத் துணியும்.

இனி ஐஸில் எந்த ஒழுங்கில் திறமைகள் வரும் என்று தெரிந்திருந்தால் வீணாகப் பதற மாட்டீர்கள்.

முதலில் தாரா நடை. அலகு முன்னும் பின்னும் வழுக்கும், பக்கவாட்டில் மட்டுமே பிடிக்கும். அதனால் தரையில் நடப்பதுபோல் பாதத்தை நேரே பின்னால் உதைத்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். குதிக்கால்கள் கிட்டவும் விரல்கள் வெளியேயும் இருக்க, தாரா நடப்பதுபோல் சிறு சிறு அடியாக வைத்தால் உள்விளிம்பு ஐஸைப் பிடிக்கும், உடல் முன்னே போகும். பிற்காலத்தில் வருகிற வேகம் எல்லாவற்றுக்கும் இதுதான் அடி. நேரே பின்னால் அல்ல, பக்கவாட்டில் தள்ளு. நுனியில் பற்களுள்ள ஃபிகர் ஸ்கேற்றில் முன்பு பழகிய பிள்ளை என்றால் நுனியால் உதைக்கப் பார்த்து முன்னே விழும். ஓரிரு வகுப்பில் அது மாறிவிடும்.

அடுத்தது வழுக்கல். மூன்று அடி நடந்து, இரண்டு காலையும் சேர்த்து, அசையாமல் போவது. தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வழுக்கினால் நல்ல தொடக்கம். அதற்குப் பிறகு பாதங்களை ஐஸிலிருந்து தூக்காமலே விரித்து, மறுபடி சேர்க்கும் பயிற்சி. ஐஸில் மீன் வடிவக் கோடு விழும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு உள்விளிம்புகளையும் அமுக்கவும் விடவும் கற்றுத்தருவது அதுதான். விரித்த கால் சேரவில்லை, அகன்றுகொண்டே போகிறது என்றால் விரல்களை உள்ளே திருப்ப மறக்கிறாள் என்று பொருள்.

வேகம் வருமுன் நிறுத்தம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது விழப் பயந்து மட்டுமல்ல, நிற்க வேறு வழி தெரியாமலும்தான். பலகையைப் பிடித்தபடியே இதைத் தொடங்கலாம். ஒரு ஸ்கேற்றின் உட்பக்கத்தால் ஐஸை வெளிநோக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், தேங்காய்ப்பூப் போல வெள்ளைத் துருவல் வரும். ஒவ்வொரு காலாலும் மூன்று சிறு குவியல் சேர்க்கட்டும். பிறகு மெல்ல வழுக்கியபடி, விரல்கள் உள்ளே, குதிக்கால்கள் வெளியே, முழங்கால் மடிந்து, அதே தேய்ப்பு. அலகை அதிகம் சாய்த்தால் விளிம்பு ஐஸைக் கடித்து, கால்கள் ஒன்றோடொன்று சிக்கிக் குப்புற விழும். ஏறக்குறைய நிமிர்ந்த அலகால் மெல்லத் தேய்க்கும்போதுதான் துருவல் வரும். இரண்டு காலாலும் முடியாத பிள்ளை ஒரு காலை நேரே விட்டு மற்றக் காலால் மட்டும் நிறுத்தலாம். சில பிள்ளைகளுக்கு அதுவே முதலில் வரும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான ஸ்கேற்றிங் நடை: ஒரு காலால் பக்கவாட்டில் முழுவதும் நீட்டித் தள்ளி, அந்தக் காலை உடலுக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து, மற்றக் காலால் தள்ளுவது. பயமுள்ள பிள்ளை கால்களை எப்போதும் தண்டவாளம்போல் அகல வைத்திருக்கும். அப்படி வைத்தால் தள்ளுவதற்குத் தூரம் மிஞ்சாது. ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் குதிக்கால்கள் இரண்டும் தொடட்டும் என்று பயிற்றுநர் சொல்வார். பின்னோக்கிப் போவது, வளைவில் காலைக் குறுக்காக வைப்பது, பக்கவாட்டில் திரும்பி நிறுத்துவது எல்லாம் இரண்டாம் மூன்றாம் பருவ வேலை, இப்போது நினைக்க வேண்டாம்.

எவ்வளவு காலம் என்று கேட்டால், 6 வயதுப் பிள்ளை பிடிக்காமல் நின்று நடக்க ஐஸில் நாலு முதல் ஆறு மணி நேரம், வழுக்கி ஓரளவு நிறுத்தப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். வகுப்பு 30 நிமிடம் என்றால் மூன்று கிழமையில் அவள் ஐஸில் நின்றது ஒன்றரை மணி நேரம்தான், அதிலும் வரிசையில் காத்து நின்ற நேரம் உண்டு. முந்தியோடுகிற பிள்ளைகளில் பலர் வகுப்புக்கு வெளியேயும் ஸ்கேற் செய்திருப்பார்கள். கிழமைக்கு ஒரு பொது ஸ்கேற்றிங் சேர்த்தால் மகளுடைய நேரம் இரண்டு மடங்காகும். ஸ்காபரோ நகரசபைக் கட்டடத்துக்கு அருகே அல்பேர்ட் கேம்பல் சதுக்கத்திலுள்ள வெளி ஐஸ்தளம் உட்பட, ரொறன்ரோ மாநகரின் வெளித்தளங்கள் நவம்பர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதிவரை இலவசம். கடும் குளிரில் வெளி ஐஸ் இறுகிவிடும், விளிம்பு குறைவாகவே பிடிக்கும். புதிதாகப் பழகும் பிள்ளையை அப்படியான நாளில் கொண்டுபோகாதீர்கள்.

பொது ஸ்கேற்றிங்கில் தள்ளிக்கொண்டு போகும் சட்டங்கள் வாடகைக்கு இருக்கும். முதல் ஐந்து நிமிடத்துக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் பிள்ளை எடையைக் கையில் ஊன்றப் பழகும், கால் ஒன்றும் கற்காது. நீங்கள் கையைப் பிடித்து மேலே தூக்கினாலும் அதே விளைவுதான். சப்பாத்தோடு ஐஸில் இறங்க விடமாட்டார்கள் என்பதால், அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்வதையும் யோசியுங்கள். கூடவே விழுந்து எழும்புகிற பெற்றோரைப் பார்க்கிற பிள்ளை விழுகையைப் பெரிதாக எடுக்காது.

தடியை இப்போதைக்குப் பின்னுக்கு வையுங்கள். நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அது மூன்றாம் காலாகிவிடும். வழுக்கத் தொடங்கியபின் கொடுக்கலாம். வெறுங்காலில் நிற்கும்போது மூக்கு உயரம், ஸ்கேற்றோடு நாடி உயரம் இருந்தால் அளவு சரி. அண்ணன் தடியை வெட்டிக் கொடுக்காதீர்கள், பெரியவர் தடியை வெட்டினால் விறைப்பு இன்னும் கூடும், சிறு பிள்ளையால் வளைக்க முடியாது. எந்தக் கை மேலே என்று தெரிய ஒரு தும்புத்தடியைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், அவள் இயல்பாகப் பிடிப்பதே பிடி. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை வலக்கையை மேலே வைத்து இடப்பக்கம் அடித்தால் திருத்த வேண்டாம். கனடாவில் அது மிகவும் சாதாரணம், தடியை ஆளும் கை மேல்கைதான்.

தலைக்கு சிஎஸ்ஏ (கனடியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையுள்ள ஹொக்கி ஹெல்மெற், முழு முகக் கம்பியோடு. சைக்கிள் ஹெல்மெற் கூடாது, அது பின்மண்டையை மூடாது. ஹெல்மெற்றின் விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெற் தனியாக ஆடக் கூடாது, நாடிப்பட்டிக்குள் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். நீண்ட கூந்தல் என்றால் கழுத்தோடு தாழ்வாக ஒற்றைப் பின்னல். கொண்டையோ உயரக் கட்டிய குதிரைவாலோ ஹெல்மெற்றை முன்னே தள்ளிக் கண்ணை மறைக்கும். தோடு, சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஹொக்கி கனடாவின் சிறுவர் ஹொக்கியில் பிஎன்கியூ (கியூபெக் தர நிர்ணய அமைப்பு) சான்றுள்ள கழுத்துக் கவசம் கட்டாயம். உங்கள் வகுப்பில் கேட்காவிட்டாலும் போட்டுவிடுங்கள், கழுத்துச் சால்வை மட்டும் வேண்டாம்.

முழுக் கவச வகுப்பு என்றால் போடும் ஒழுங்கு முக்கியம், இல்லாவிட்டால் பாதியில் கழற்ற வேண்டிவரும். முதலில் கழிப்பறை. பிறகு உள்ளுடுப்பு, இடுப்புக் கவசம், ஷின் பாட் (முன்னங்கால் கவசம்), அதன்மேல் நீளக் காலுறை, ஹொக்கிக் காற்சட்டை, ஸ்கேற், கழுத்து, தோள், முழங்கைக் கவசங்கள், மேற்சட்டை, ஹெல்மெற், கடைசியாகக் கையுறை. தொடக்கத்தில் 20 நிமிடமாவது எடுக்கும், வகுப்புக்கு அரை மணி முன்பே போங்கள். ஹெல்மெற்றும் மெல்லிய கவசமும் மட்டும் போதும் என்ற வகுப்பு என்றால் ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் காயாது. பனிக்காற்சட்டையும் நீர் புகாத கையுறையும் போட்டு, உள்ளே முழங்கால் பட்டை வையுங்கள். கையுறை இரண்டாவது சோடி ஒன்று பையில் இருக்கட்டும். குளிர்கிறது என்ற அழுகையில் பாதி நனைந்த கையுறையால் வருவது.

செலவைக் குறைக்க ஷின் பாட், காற்சட்டை, தோள் கவசம் எல்லாம் பழையதாக வாங்கலாம், ஓராண்டில் அவை சிறிதாகிவிடும். யார் பாவித்தது, என்ன அடிபட்டது என்று தெரியாத ஹெல்மெற்றை மட்டும் வாங்காதீர்கள். முன்பு ஹொக்கியில் பதியாத 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு உபகரணம் முழுவதையும் கொடுத்துப் பழக்கும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் திட்டம் இருக்கிறது. கட்டணத்துக்கு ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட் என்ற உதவி அமைப்புகள் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், இதற்காகவே அவை இருக்கின்றன.

இந்தப் பருவம் முடியும்போது நின்று, வழுக்கி, நிறுத்தத் தெரிந்திருந்தால் அடுத்த பருவத்தில் வயதுப் பிரிவு அணியில் பதியலாம். சிறு பிள்ளைகளை முழுத் தளத்தில் விட மாட்டார்கள். முழுத் தளம் என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்) அளவில் 200 அடிக்கு 85 அடி. 5, 6 வயதுப் பிள்ளைகள் அதைக் குறுக்கே பிரித்த சிறு பகுதியில், வழக்கமான 6 அவுன்ஸ் கறுப்புப் பக்குக்கு (தடியால் அடிக்கும் ரப்பர் வட்டு) பதிலாக 4 அவுன்ஸ் நீலப் பக்கோடு விளையாடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒன்ராறியோ மகளிர் ஹொக்கிச் சங்கத்தின் கீழ் தனி அணிகளும் உண்டு. முடிந்தால் ரொறன்ரோ செப்டர்ஸ் பெண்கள் அணியின் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். பக்கைப் பார்க்காமல், ஓய்ந்து நிற்கும்போதும் அவர்களுடைய முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்று மகளுக்குக் காட்டுங்கள்.

வகுப்பு முடிந்ததும் அலகைத் துணியால் துடைத்து, துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும், அது நடப்பதற்கு மட்டும். வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து எல்லாவற்றையும் விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு முன் இந்தக் கிழமை செய்ய வேண்டியவை: ஒரு விரல் சோதனை, அலகு தீட்டுவது, மெல்லிய காலுறை, நடுவில் இறுக்கிய லேஸ், கம்பளத்தில் பத்து முறை எழும்புவது. வகுப்பன்று பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மகளுக்கு இன்று பலகையருகே ஐஸ் தேய்க்கும் பயிற்சியை முதலில் கொடுங்கள் என்று. கண்ணாடிக்கு வெளியே நின்று கையால் சைகை காட்டாதீர்கள், அவள் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சற்றுத் தள்ளி, அவள் தேடினால் தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.